காரணம் தெரிந்த காத்திருப்பு: என் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா கேஸ், ஆரம்பம் முதல் இன்று வரை

முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா எதுவும் கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் ரத்தம் சார்ந்த புற்றுநோய் வந்ததாகத் தெரியவில்லை. கண்டறியப்பட்ட நோய் கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர் நெறிகளில் வரும் ஒரு புற்றுநோய்), நாடுலர் ஸ்கிளிரோசிஸ் வகை, நிலை 2பி.

என் ஃபைலின் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். சிகிச்சை முடிந்து நோய் இல்லை என்ற ரிப்போர்ட் வந்த பிறகு அந்த ஃபைலை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்தேன். தேதி, அளவு, மருந்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக ஏன் அத்தனை நாள் பிடித்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எனக்கு மருந்தைவிட அந்த இடைவெளிகள்தான் கடினமாக இருந்தன. உடம்புக்குள் புற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு தவிப்பு. அதிலும், ஏன் காத்திருக்கிறோம் என்று யாராவது விளக்கிச் சொன்ன நாட்களில் நான் ஓரளவு தூங்கினேன், சொல்லாத நாட்களில் தூக்கமே இல்லை. அதனால் இந்தக் கேஸை எழுதும்போது என்ன நடந்தது என்பதோடு, அடுத்ததற்கு ஏன் அவ்வளவு நாள் ஆனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அறிகுறிகள்

முதலில் வந்தது அரிப்பு. கணுக்காலில் ஆரம்பித்து முழங்கால் வரை ஏறியது, ராத்திரியில்தான் அதிகம். தோலில் தடிப்போ சொறியோ எதுவும் இல்லை, நான் சொறிந்த கீறல்கள் மட்டும்தான். ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. அதைச் சாப்பிட்ட வரைக்கும் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் அரிப்பு திரும்பிவிட்டது. தோலில் ஒன்றுமே இல்லாமல் வரும் அரிப்பு ஹாட்ஜ்கின் நோயின் பழைய அறிகுறிகளில் ஒன்று, பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் அரிப்பு என்று வருகிறவர்களில் லிம்ஃபோமா இருப்பவர் மிகமிக அரிது. எனவே அந்த மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஸ்டீராய்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிம்ஃபோமா செல்களையே அது அழிக்கும், கட்டியைக் கொஞ்ச நாள் சுருக்கிக் காட்டும், அந்த நேரத்தில் பயாப்சி எடுத்தால் முடிவே தெளிவில்லாமல் போகலாம். காரணம் தெரியாத நெறிக்கட்டி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டால், அது எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து ராத்திரி வியர்வை. தலையணை உறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்க்கும், எழுந்து உடை மாற்றினால்தான் மறுபடி படுக்க முடியும். மல்லாந்து படுத்தால் வறட்டு இருமல். கடைசியாகத்தான் இடது காறை எலும்புக்கு மேலே அந்தக் கட்டி கையில் பட்டது. வலி இல்லை. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை விரலால் அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. காறை எலும்புக்கு மேலே வரும் நெறிக்கட்டியை மருத்துவர்கள் எப்போதுமே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், ஏனென்றால் சாதாரணச் சளி, தொண்டை வலிக்கு அந்த இடத்தில் நெறி கட்டுவது குறைவு.

ஊசியில் எடுத்த ரிப்போர்ட்

முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு எஃப்என்ஏசி, அதாவது மெல்லிய ஊசியைக் குத்திச் சில செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தது. ஏதோ தொற்றுக்கு எதிராக நெறி வீங்கியிருக்கிறது, புற்றுநோய் செல் எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. வியர்வை மட்டும் நிற்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கேஸின் திருப்பமே இதுதான். பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகளில் ஊசியை எங்கே குத்தினாலும் புற்றுநோய் செல் வரும். ஹாட்ஜ்கின் அப்படி இல்லை. கட்டியில் உண்மையான புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். மீதி முழுவதும் அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சாதாரண நோயெதிர்ப்பு செல்கள். அந்த அரிய செல்லுக்கு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று பெயர். கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898-லும் டோரத்தி ரீட் 1902-லும் அதை விவரித்தார்கள். நோயை முதலில் எழுதி வைத்த தாமஸ் ஹாட்ஜ்கினின் கட்டுரை 1832-ல் வந்தது. பெரிய உடல், உள்ளே இரண்டு உட்கருக்கள், மைக்ரோஸ்கோப்பில் ஆந்தைக் கண் மாதிரி தெரியும் என்பார்கள். நூறு செல்லில் ஒன்று என்றால், மெல்லிய ஊசி அதைத் தவறவிடுவதில் ஆச்சரியமே இல்லை. ஊசி ரிப்போர்ட் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஊசியில் ஏறிய செல்கள் நிஜமாகவே ரியாக்டிவ் செல்கள்தான். இது ஹாட்ஜ்கினா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஊசியால் முடியாது, அவ்வளவுதான்.

அதனால் ‘ரியாக்டிவ்’ என்று வந்த பிறகும் கட்டி கரையாமல் இருந்தால் நெறியை முழுசாக வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டும். என்னை அடுத்துப் பார்த்த ரத்தநோய் மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, “முழு நெறியை எடுத்துப் பார்க்கலையாம்மா?” என்பதுதான். காசநோயிலும் நெறி கட்டும், காய்ச்சல் வரும், ராத்திரி வியர்க்கும், எடை குறையும். இரண்டையும் பிரித்துச் சொல்வதும் அந்தத் திசுதான்.

சின்ன அறுவை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகான காத்திருப்புதான் நீண்டது. வெட்டியெடுத்த திசு ஃபார்மலினில் ஊற வேண்டும், மெழுகில் பதிய வேண்டும், தாளைவிட மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்ற வேண்டும். அதில் சந்தேகமான செல் தெரிந்தால் அதன் மேற்பரப்பில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று தனித்தனியாகச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். என் ரிப்போர்ட்டில் சிடி30, சிடி15 என்ற இரண்டு புரதங்களும் பாசிட்டிவ். கிளாசிக்கல் ஹாட்ஜ்கினுக்கு அதுதான் அடையாளம்.

அந்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே நான் பொறுமை இழந்து, “நாளைக்கே கீமோவை ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?” என்று கேட்டேன். “ஆரம்பிக்கலாம்மா. எதுக்குக் கொடுக்கறோம்னு தெரியாம கொடுத்தா, அப்புறம் அது என்ன நோயா இருந்துச்சுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றார். லிம்ஃபோமாவில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, வகைக்கு வகை மருந்து மாறும். அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

நிலை பார்த்தல்

2பி என்பதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட நெறிப் பகுதிகளில் நோய் இருந்தால் நிலை 2. எனக்குக் கழுத்திலும் நெஞ்சின் நடுவிலும் இருந்தது. படுத்தால் வந்த இருமலுக்குக் காரணம் நெஞ்சில் இருந்த கட்டிதான். ‘பி’ என்பது காய்ச்சல், ராத்திரி வியர்வை, 6 மாதத்துக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருப்பதைச் சொல்கிறது. 1971-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுத்த முறை இது, 2014-ல் லுகானோ வகைப்பாடாகத் திருத்தினார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த நோயில் நிலை 3, 4 என்று வந்தாலும் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். மற்றப் புற்றுநோய்களில் நான்காம் நிலை என்று கேள்விப்பட்டதை இங்கே அப்படியே பொருத்திப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பெட் ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 6 மணி நேரம் வெறும் வயிறு. ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள், நோய் செல்கள் அதை அதிகம் இழுத்துப் படத்தில் ஒளிரும், அதன் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் மங்கலான அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. சிஸ்டர் வந்து கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தினார். எனக்குக் குளிரவில்லையே என்றேன். குளிர்ந்தால் கழுத்திலும் தோளிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்குவதற்காகச் சர்க்கரையை இழுக்கும், படத்தில் நோய் மாதிரியே ஒளிரும், பேசினால் தொண்டைத் தசையும் ஒளிரும் என்றார். அசையாமல் கிடந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அர்த்தம் இருந்தது.

பெட் எடுத்துவிட்டதால் எலும்பு மஜ்ஜை பயாப்சி வேண்டாம் என்றார்கள். ஹாட்ஜ்கினைப் பொறுத்தவரை இப்போது அப்படித்தான்.

கீமோவுக்கு முன்னால் இதயத்துக்கு எக்கோ, நுரையீரலுக்கு மூச்சுப் பரிசோதனை, மஞ்சள் காமாலை வைரஸ், எச்ஐவி பரிசோதனைகள். அப்புறம் குழந்தைப்பேறு பற்றிய ஆலோசனை. எனக்குத் திட்டமிட்ட மருந்துகளால் கருத்தரிக்கும் திறன் போகும் வாய்ப்பு குறைவு என்றார்கள். ஆனால் நோய் திரும்பினால் கொடுக்க நேரும் அதிக அளவு கீமோவும் ஸ்டெம் செல் மாற்றமும் அப்படி இல்லை, அந்தக் கட்டத்தில் கருமுட்டை எடுக்க அவகாசமும் இருக்காது. நான் சேமித்து வைக்க முடிவெடுத்தேன். அதற்குச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். நெஞ்சுக் கட்டி மூச்சுக்குழாயை அமுக்கவில்லை என்று சிடி ஸ்கேன் படத்தைக் காட்டி மருத்துவர் சொன்னதால்தான் அந்த இரண்டு வாரத்தைத் தாங்க முடிந்தது. இந்தப் பேச்சை யாரும் எடுக்காவிட்டால் நீங்களே எடுத்துவிடுங்கள். ஆண்களுக்கு விந்தணு சேமிப்பு ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். கீமோ தொடங்கிய பிறகு இதைப் பேசிப் பெரிதாகப் பயன் இல்லை.

கீமோ

ஏபிவிடி என்பது நான்கு மருந்துகளின் கூட்டு. 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜியான்னி போனடோன்னாவும் அவருடைய குழுவும் உருவாக்கியது, இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. 28 நாள் ஒரு சுற்று, அதில் முதல் நாளும் 15-ஆம் நாளும் மருந்து ஏறும். திட்டம் 6 சுற்று.

டாக்சோரூபிசின் சிவப்பு நிறம், பெரிய சிரிஞ்சில் சிஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாகச் செலுத்துவார். ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும் மருந்து அது. அதனால் ஊசி குத்திய இடத்தில் எரிகிறதா, இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சிறுநீர் ஒருநாள் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. பிளியோமைசின் காய்ச்சலும் நடுக்கமும் தரலாம், சிலருக்கு நுரையீரலைக் கெடுக்கும். வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. மலச்சிக்கல், தாடை வலி, விரல் நுனி மரத்துப்போவது எல்லாம் அதன் வேலை. டகார்பசீனை வெளிச்சம் படாமல் மூடி வைத்து ஏற்றுவார்கள். ஏறும்போது கை முழுக்க எரியும், நான்கிலும் அதிகம் குமட்டுவதும் இதுதான். டிரிப்பின் வேகத்தைக் குறைத்து, கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் எரிச்சல் அடங்கும். கேட்டால் செய்வார்கள்.

வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் சொல்லாத ஒன்று நடந்தது. சில முறை போன பிறகு, ஊசியே போடாமல், வார்டு கதவைத் திறந்து அந்த ஸ்பிரிட் வாசனை பட்டதுமே குமட்டியது. மனசு பலவீனமாகிவிட்டது என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தேன். அக்காதான் மருத்துவரிடம் சொன்னார். எதிர்பார்ப்புக் குமட்டல் என்று அதற்குப் பெயரே இருக்கிறதாம். முந்தின ராத்திரியும் அன்று காலையும் பதற்றம் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள், கணிசமாகக் குறைந்தது.

வெள்ளை அணுக்கள் பற்றி. எனக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை ரொம்பக் கீழே போனது, ஆனாலும் மருந்தைத் தள்ளிப்போடவில்லை. எண்ணிக்கை ஏறிய பிறகுதானே அடுத்த ஊசி என்று கேள்விப்பட்டிருந்த எனக்குப் பயமாகிவிட்டது. ஏபிவிடியில் எண்ணிக்கை குறைந்தாலும் பெரிய தொற்று வருவது குறைவு, காய்ச்சல் இல்லை என்றால் நேரத்துக்குக் கொடுப்பதே நல்லது என்பது பல மையங்களின் அனுபவம் என்று மருத்துவர் விளக்கினார். இது எல்லாக் கீமோவுக்கும் பொருந்தாது. இங்கே காத்திருக்காமல் இருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒருமுறை ராத்திரி காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ் காட்டியது. நடுக்கம் இல்லை, உடம்பும் அவ்வளவு மோசமாக இல்லை, காலையில் பார்க்கலாம் என்று தோன்றும் காய்ச்சல்தான். ஆனால் கீமோ நடக்கும்போது 38-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன உடனே ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளை அணு இல்லாத உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பது விதி. கிருமி எதுவும் வளரவில்லை, சில நாளில் வீடு திரும்பினேன். இந்தச் சிகிச்சை முழுவதிலும் காத்திருக்கவே கூடாத இடம் இது ஒன்றுதான்.

முடி கொட்டியது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அது பெரிய விஷயமாக இல்லை. சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனதுதான் அழ வைத்தது. விரல் நுனியில் பொத்தானும் துணியும் ஒரே மாதிரி தெரிந்தன, கண்ணால் பார்த்துக்கொண்டே போட வேண்டியிருந்தது.

நடுவில் எடுத்த பெட்

இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி பெட். இதை 5 புள்ளி டோவில் அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். கட்டி இருந்த இடம் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை நெஞ்சின் பெரிய ரத்தநாளத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிடுவது அது. கல்லீரலைத் தாண்டாமல் இருந்தால், அதாவது 1 முதல் 3 வரை, நல்ல பதில். எனக்கு 2.

அதோடு பிளியோமைசினை நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் தொடர்ந்தார்கள். நான்கில் ஒன்றைக் கழித்தால் நோய்க்கு இடம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டேன். 1,214 பேர் பதிவான ஒரு பெரிய சோதனையின் முடிவு 2016-ல் வெளிவந்தது என்று மருத்துவர் விளக்கினார். நடுவில் எடுத்த பெட் நல்லபடியாக வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நான்கு மருந்தையும் தொடர்ந்தார்கள், இன்னொரு பிரிவுக்குப் பிளியோமைசினை நிறுத்தினார்கள். 3 ஆண்டுகள் கழித்து நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 85.7, இரண்டாவதில் 84.4 விழுக்காடு. நுரையீரல் பாதிப்பு இரண்டாவது பிரிவில் குறைவு. குறைவான மருந்து என்பது குறைவான அக்கறை இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

முடிந்த பிறகு

கடைசி ஊசிக்கு மறுநாளே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் போல இருந்தது. 6 முதல் 8 வாரம் ஆகட்டும் என்றார்கள். கீமோவால் செத்த திசுவைச் சுற்றி உடம்பு சுத்தம் செய்துகொண்டிருக்கும், அந்த அழற்சியும் சர்க்கரையை இழுக்கும், அவசரப்பட்டு எடுத்தால் நோய் இல்லாத இடத்தில் நோய் தெரியும். சரி என்று இருந்தேன்.

ரிப்போர்ட் வந்தபோது சிடி ஸ்கேன் பகுதியில் நெஞ்சில் கட்டி ‘மீதம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் பேசவில்லை. இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நாடுலர் ஸ்கிளிரோசிஸ் வகையில் கட்டிக்குள் நார்த்திசு நிறைய இருக்கும், செல்கள் செத்த பிறகும் அந்தத் தழும்பு வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம். அது ஒளிரவில்லை என்றால் உயிருள்ள நோய் இல்லை. என் பெட்டில் அது ஒளிரவில்லை.

இதற்குப் பிறகு வந்த காலத்துக்குத்தான் யாரும் என்னைத் தயார்படுத்தவில்லை. “எல்லாம் முடிஞ்சிடுச்சுல்ல, இனிமே என்ன?” என்று அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கோ மாடிப்படி ஏறினால் உட்காரத் தோன்றியது, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன், காரணமே இல்லாமல் கோபம் வந்தது. சிகிச்சை நடக்கும்போது தேதி இருந்தது, சீட்டு இருந்தது, சிஸ்டர் இருந்தார்கள். திடீரென்று எதுவும் இல்லை. கீமோவுக்குப் பிந்தைய களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம், தூங்கினால் தீராது, படிப்படியாகக் கூட்டும் நடையும் உடற்பயிற்சியும்தான் அதற்கு நல்ல பலன் தருவது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெருக்கோடி வரை நடப்பதில் ஆரம்பித்தேன். வேலைக்கு முதலில் பாதி நாள் போனேன். விரல் நுனியின் மரப்பு மெல்ல மெல்லக் குறைந்தது, இப்போது பொத்தான் போட முடிகிறது, கால் விரல்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

பின்தொடர்தலில் வழக்கமான ஸ்கேன் கிடையாது. அறிகுறி இல்லாதவருக்கு எடுத்துக்கொண்டே இருந்தால் கதிர்வீச்சும் பொய்யான பயமும்தான் மிச்சம், நோய் திரும்பும் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது அறிகுறி இருக்கும். திரும்புவதும் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். அதனால் ஆரம்பத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பதும் ரத்தப் பரிசோதனையும், பிறகு இடைவெளி கூடும். நடுவில் ஒருமுறை சளி பிடித்தபோது தாடைக்குக் கீழே நெறி கட்டியது. சில வாரம் பார்க்கலாம், குறையாவிட்டால் ஸ்கேன், அப்போதும் சந்தேகம் இருந்தால் பயாப்சி என்று மூன்று படிகளையும் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வாரங்களில் நான் வேலைக்குப் போனேன். நெறி கரைந்துவிட்டது.

இப்போது என்னிடம் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கிறது, கேட்டு வாங்கினேன், ஒரு நகல் அக்காவிடம். நோயின் முழுப் பெயர், மருந்துகள், மொத்த அளவுகள். டாக்சோரூபிசின் மொத்தம், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். இதயம் தாங்குவது பொதுவாக 450 முதல் 550 வரை என்று கணக்கிடுவதால், எதிர்காலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் இந்த மருந்தை மறுபடி கொடுக்க நேர்ந்தால் அந்த மருத்துவருக்கு இந்த எண் வேண்டும். அதற்குக் கீழே அடிக்கோடிட்ட ஒரு வரி: பிளியோமைசின் பெற்றவர், எந்த அறுவைக்கும் முன்பு மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லவும், தேவைக்கு அதிகமான ஆக்சிஜன் நுரையீரலைப் பாதிக்கலாம். போன மாதம் பல் பிடுங்கப் போனபோதும் இந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினேன்.